பதவி நீங்கிய தளபதி

ஒரு படைத் தளபதியின் வாழ்க்கையைப் பற்றிப் பெண்கள் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். வாளும் குதிரையும் எமது பிள்ளைகளுக்கு எதற்கு என்றும் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நான் எழுத வந்தது வாளைப் பற்றியல்ல.

உயர்தர வகுப்பில் இஸ்லாமிய நாகரிகம் படிப்பிக்கும்போது காலித் பின் வலீத் (ரழி) அவர்களின் பெயர் வந்துவிட்டால் மாணவியரின் பேனைகள் தாமாகவே ஓடத் தொடங்கும். "ஸைஃபுல்லாஹ்" என்ற பட்டம், முஃதா, யமாமா, யர்மூக் என்று வரிசையாக எழுதிவிடுவார்கள். பரீட்சைக்கு அது போதும். வாழ்க்கைக்குப் போதுமா என்பது வேறு விடயம். அவர் வென்ற யுத்தங்களைக் காட்டிலும் எனக்குப் பெரியனவாகத் தோன்றுபவை இரண்டு. தலைமைப் பதவிக்கு எவரும் தம்மை நியமித்திராத நேரத்தில் அவர் அதை ஏற்ற விதம் ஒன்று. கலீபா அதைத் திருப்பி எடுத்தபோது அவர் அதைக் கொடுத்த விதம் மற்றையது.

எமது கல்லூரிகளில் ஒவ்வோர் ஆண்டும் மாணவத் தலைவியர் பட்டியல் அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும் நாளை நினைத்துப் பாருங்கள். பெயர் இருக்கும் பிள்ளையின் வீட்டில் அன்று பெருநாள். பெயர் இல்லாத பிள்ளை மூன்று நாள் பாடசாலைக்கு வருவதில்லை. சில வேளை பிள்ளை வந்துவிடுவாள், பெற்றோர்தாம் சமாதானமாவதில்லை. "என்ட மகளுக்கு என்ன குறை?" என்று அதிபரின் காரியாலய வாசலில் நிற்கும் தாய்மாரை நான் பல தடவை கண்டிருக்கிறேன். அவர்களது வேதனையை நான் பரிகாசம் செய்யவில்லை. ஆனால், தலைமை என்றால் சட்டையில் குத்தும் சின்னம்தான் என்று எமது பிள்ளைகளுக்கு நாமே கற்றுக்கொடுத்துவிட்டோமோ என்ற கவலை எனக்கு உண்டு. இக்கட்டுரை அந்தக் கவலையிலிருந்து பிறந்தது.

காலித் அவர்கள் குறைஷிக் கோத்திரத்தின் மக்ஸூம் குலத்தில் பிறந்தவர். தந்தை வலீத் பின் முகீரா மக்காவின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர். குறைஷியரின் குதிரைப்படைப் பொறுப்பு அந்தக் குலத்துக்கே உரியதாக இருந்தது. ஆகவே குதிரையேற்றமும் ஆயுதப் பயிற்சியும் அவருக்கு இளமையிலேயே வாய்த்தன. நபி (ஸல்) அவர்களின் துணைவியார் மைமூனா (ரழி) அவர்கள் இவருடைய தாயின் சகோதரி. இந்த உறவெல்லாம் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. ஆரம்பத்தில் அவர் நின்றது எதிரணியில்.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 625இல், உஹத் யுத்தம் நடந்தது. நபியவர்கள் சிறு குன்றொன்றில் ஐம்பது வில்வீரர்களை நிறுத்தி, வெற்றியோ தோல்வியோ எது நேர்ந்தாலும் கட்டளை வரும்வரை அவ்விடத்தை விட்டு நகர வேண்டாம் என்று பணித்திருந்தார்கள். போர் வெற்றியை நோக்கிச் சென்றதும் அவர்களுள் பெரும்பாலோர் கனீமத் பொருட்களைச் சேகரிக்கக் கீழே இறங்கிவிட்டனர். தலைவர் அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரழி) தடுத்தும் கேட்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் குதிரைப்படையுடன் காத்திருந்த காலித் அந்த வெறுமையைக் கண்டார். மலையைச் சுற்றிவந்து பின்புறமாகத் தாக்கினார். முஸ்லிம்களில் எழுபது பேரளவில் ஷஹீதானார்கள்.

இந்த நிகழ்வைப் படிப்பிக்கும்போது குன்றை விட்டு இறங்கியவர்களைப் பற்றியே நாம் பேசுகிறோம். கட்டுப்பாட்டின் அவசியத்துக்கு அது நல்ல உதாரணம். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். தம் படை பின்வாங்கி ஓடிக்கொண்டிருந்த வேளையில் ஒரு மனிதர் மட்டும் ஓடாமல் குன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். தோல்வியின் நடுவிலும் கண்ணை மூடிக்கொள்ளாத அந்தப் பழக்கம் பின்னர் முஸ்லிம் படைக்குக் கிடைத்த பெரும் செல்வமாயிற்று.

அதே உஹத் களத்தில் நபியவர்களைச் சூழ்ந்து நின்று வாளேந்திப் போராடிய ஒரு பெண்மணியும் இருந்தார். மதீனாவின் அன்ஸாரிப் பெண்ணான நுஸைபா பின்த் கஅப், உம்மு உமாரா (ரழி) அவர்கள். காயமடைந்தோருக்குத் தண்ணீர் கொடுக்கவென்று தோற்பையுடன் போனவர் அவர். காலிதின் குதிரைப்படை வந்து நிலைமை தலைகீழானபோது தண்ணீர்ப் பையை வைத்துவிட்டு வாளை எடுத்தார். அன்று அவரது தோளில் பட்ட ஆழமான காயம் நெடுநாள் ஆறவில்லை. இந்த அம்மையாரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் வருவார்.

காலித் அவர்கள் இஸ்லாத்தை ஏற்றது ஹிஜ்ரி 8ஆம் ஆண்டின் ஆரம்பத்தில். அவருக்கு முன்பே முஸ்லிமாகியிருந்த சகோதரர் வலீத் பின் வலீத் (ரழி) ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். நபியவர்கள் உம்ராவுக்கு மக்கா வந்திருந்தபோது "காலித் எங்கே?" என்று விசாரித்ததாகவும், அவரைப் போன்ற அறிவுள்ள ஒருவர் இஸ்லாத்தை அறியாமல் இருப்பது குறித்து வியந்ததாகவும் அக்கடிதம் தெரிவித்தது. எழுபது பேரின் மரணத்துக்குக் காரணமாயிருந்த எதிரித் தளபதியைப் பற்றிய விசாரிப்பு அது! ஏச்சில்லை, பழிவாங்கும் பேச்சில்லை. அவருடைய ஆற்றலையும் அறிவையும் மதிக்கும் வார்த்தை. அதுவே அவரை மதீனாவை நோக்கி நகர்த்தியது. வகுப்பில் குழப்படி செய்யும் பிள்ளையின் பெயர் ஆசிரியர் ஓய்வறையில் எவ்வாறு உச்சரிக்கப்படுகிறது என்பதை இந்த இடத்தில் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

மதீனா வந்து மூன்று மாதமளவில் முஃதாவுக்குப் படை புறப்பட்டது. நபியவர்களின் தூதரை ஷாம் எல்லையில் கொன்றுவிட்டார்கள் என்பதே அதற்குக் காரணம். முஃதா என்ற ஊர் இன்று ஜோர்தானில் கரக் நகருக்கு அருகில் உள்ளது. 3000 பேர் கொண்ட அந்தப் படைக்கு நபியவர்கள் மூன்று தலைவர்களை வரிசையாக நியமித்தார்கள். ஸைத் பின் ஹாரிஸா (ரழி); அவர் வீழ்ந்தால் ஜஃபர் பின் அபீதாலிப் (ரழி); அவரும் வீழ்ந்தால் அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரழி). காலிதின் பெயர் அந்த வரிசையில் இல்லை. குறைஷியரின் குதிரைப்படையை நடத்தியவர், பெரிய குலத்தின் மகன், அந்தப் படையில் சாதாரண சிப்பாயாகச் சென்றார். ஸைத் அவர்கள் முன்னர் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். மக்காவின் பழைய கணக்குப்படி மக்ஸூம் குலத்தவர் ஒருவர் அவருக்குக் கீழ் நிற்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

களத்தில் எதிரிப்படை பல மடங்கு பெரிதாக இருந்தது. மூன்று தலைவர்களும் ஒருவர் பின் ஒருவராக ஷஹீதானார்கள். கொடி மண்ணில் கிடந்தது. அப்போது ஸாபித் பின் அக்ரம் (ரழி) என்ற அன்ஸாரித் தோழர் ஓடிச்சென்று கொடியைத் தூக்கினார். பத்ருப் போரில் கலந்துகொண்டவர் அவர். உங்களுள் ஒருவரைத் தெரிவு செய்யுங்கள் என்று சத்தமிட்டார். நீங்களே இருங்கள் என்றார்கள். அவர் மறுத்து, கொடியைக் காலிதிடம் நீட்டினார். காலித் அதை உடனே பறித்துக்கொள்ளவில்லை. நீங்கள் பத்ரில் நின்றவர், என்னைவிட நீங்களே தகுதியானவர் என்றார். உமக்குத் தருவதற்காகவே நான் இதைத் தூக்கினேன் என்று ஸாபித் அவர்கள் பதில் கொடுத்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இந்த உரையாடலை நான் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் காலித் அவர்களையே பார்க்கிறார்கள். எனது கண் ஸாபித் அவர்கள் மேல் நிற்கிறது. கொடி ஒருவருக்குக் கையில் வந்துவிட்டது. சுற்றி நின்றவர்களும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அந்த நேரத்தில், இந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் இதோ நிற்கிறார் என்று கண்டு, நேற்று வந்து சேர்ந்தவரிடம் அதைக் கொடுத்துவிட எவ்வளவு பெரிய மனது வேண்டும்! எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டிகளிலும் சங்கக் கூட்டங்களிலும் எனக்கு அதிகம் தேவைப்படுபவர்கள் ஸாபித்மார்தான்.

கொடியை ஏற்ற காலித் அவர்கள் அன்று செய்தது வெற்றிப் போர் அல்ல. 3000 பேரையும் பலிகொடுக்காமல் மீட்டுக்கொண்டுவரும் போர். அன்று தமது கையில் ஒன்பது வாள்கள் உடைந்தன, யமன் தேசத்து அகன்ற வாளொன்றே எஞ்சியது என்று அவரே கூறியதை இமாம் புஹாரி பதிவுசெய்திருக்கிறார்கள். இரவோடிரவாக வலப்பக்க அணியை இடப்பக்கத்துக்கும், முன்வரிசையைப் பின்னுக்கும் மாற்றி நிறுத்தினார். விடிந்ததும் புதிய முகங்களையும் புதிய கொடிகளையும் கண்ட எதிரிகள் மேலதிகப் படை வந்துவிட்டதென்று தயங்கினர். அந்தத் தயக்கத்தைப் பயன்படுத்திப் படையைப் பின்னகர்த்தினார்.

மதீனாவின் எல்லையில் அவர்களுக்கு மாலை காத்திருக்கவில்லை. போர்க்களத்திலிருந்து ஓடிவந்தவர்களே என்று கூறி மக்கள் மண்ணை அள்ளி வீசினார்கள். நபியவர்கள் தலையிட்டு, இவர்கள் ஓடிவந்தவர்கள் அல்லர், மீண்டும் சென்று போராடவிருப்பவர்கள் என்று திருத்தினார்கள். களத்தின் செய்தி வந்து சேர்வதற்கு முன்பே மூன்று தோழர்களின் மரணத்தைக் கண்ணீருடன் அறிவித்து, அதன்பின் அல்லாஹ்வின் வாள்களுள் ஒரு வாள் கொடியை ஏந்தியது என்றும் சொல்லியிருந்தார்கள். காலித் அவர்களின் புகழ்பெற்ற பட்டம் இப்படி வந்ததுதான். எதிரியை முறியடித்த நாளில் அல்லாமல், ஆட்களைக் காப்பாற்றித் திரும்பிய நாளில், ஊரார் மண் எறிந்த ஒரு காரியத்துக்காக அது கிடைத்தது.

அவரது வாழ்க்கையை எழுதுவோர் பலர் தாண்டிச் செல்லும் ஓர் இடம் உண்டு. நான் தாண்ட விரும்பவில்லை. மக்கா வெற்றிக்குப் பின் பனூ ஜதீமா கோத்திரத்தாரிடம் இஸ்லாத்தின் பக்கம் அழைப்பதற்காகக் காலித் அவர்கள் அனுப்பப்பட்டார். அம்மக்கள் நாங்கள் இஸ்லாத்தை ஏற்றோம் என்று சரியாகச் சொல்லத் தெரியாமல், எங்கள் பழைய மார்க்கத்தை விட்டுவிட்டோம் என்ற பொருளில் வேறொரு சொல்லைச் சொன்னார்கள். காலித் அதனை ஏற்கவில்லை. சிலர் கொல்லப்பட்டார்கள், சிலர் கைதாயினர். பின்னர், ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள கைதியைக் கொல்ல வேண்டும் என்று கட்டளை பிறந்தது. அப்படையில் இருந்த இளைஞர் அப்துல்லாஹ் பின் உமர் (ரழி) அவர்கள், நான் எனது கைதியைக் கொல்லமாட்டேன், எனது தோழர்களும் கொல்லமாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள். செய்தி நபியவர்களை எட்டியபோது அவர்கள் கைகளை உயர்த்தி, காலித் செய்த காரியத்துக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று இறைவனிடம் இரு முறை முறையிட்டார்கள். அலீ (ரழி) அவர்களை அனுப்பி உயிர்களுக்கும் உடைமைகளுக்கும் நட்டஈடு கொடுக்கச் செய்தார்கள்.

இந்நிகழ்வு புஹாரியில் பதிவாகியிருப்பதே எமது மார்க்க அறிஞர்களின் நேர்மைக்குச் சான்று. இதில் மூன்று பேர் நிற்கிறார்கள். பெரிய தளபதியாயினும் அவரது தவறு தவறென்றே பகிரங்கமாகச் சொல்லப்பட்டது. சொன்னவர் அத்துடன் அம்மனிதரை வீசி எறிந்துவிடவில்லை. பின்னரும் பொறுப்புகளைக் கொடுத்தார்கள். கட்டளைக்குப் பணிய மறுத்த இளைஞரோ கட்டளையை மீறியவராக வரலாற்றில் நிற்கவில்லை. படையில் கீழ்ப்படிவுக்கு எவ்வளவு பெரிய இடமுண்டோ, அதற்கும் ஓர் எல்லையுண்டு. தலைவி சொல்லிவிட்டாள் என்பதற்காகச் சின்ன வகுப்புப் பிள்ளையொன்றை எல்லோரும் சேர்ந்து ஒதுக்கி வைக்கும்போது, நான் செய்யமாட்டேன் என்று சொல்லும் ஒரு பிள்ளை வேண்டும். அவளும் தலைவிதான்.

நபியவர்களின் மறைவுக்குப் பின் அபூபக்ர் (ரழி) அவர்களின் ஆட்சியில் யமாமா யுத்தம் வந்தது. தன்னை நபியென்று வாதிட்ட முஸைலிமாவுக்கு எதிரான அந்தப் போரில் முஸ்லிம் படை முதலில் சிதறியது. பல ஊர்களையும் கோத்திரங்களையும் சேர்ந்தோர் கலந்து நின்றதால், யார் பின்வாங்குகிறார் என்பது யாருக்கும் தெரியவில்லை; ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டனர். காலித் அவர்கள் படையைப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்தாரையும் தனித்தனியே அவரவர் கொடியின் கீழ் நிறுத்தினார். இனி எவர் உறுதி எவ்வளவு என்பது வெளிச்சமாகிவிடும். எல்லோருக்கும் பொதுவான வேலை எவருடைய வேலையுமல்லாமல் போவதை மீலாத் விழா ஏற்பாடுகளில் கண்டவர்களுக்கு இந்த உபாயத்தை நான் விளக்கத் தேவையில்லை. அந்தப் போரில் குர்ஆனை மனனமிட்ட பலர் ஷஹீதானதால்தான் குர்ஆனை ஒரே ஏடாகத் தொகுக்கும் பணி ஸைத் பின் ஸாபித் (ரழி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

உம்மு உமாரா (ரழி) அவர்கள் மீண்டும் வருவது இங்கேதான். அவருடைய மகன் ஹபீப் (ரழி) அவர்களை முஸைலிமா சித்திரவதை செய்து கொன்றிருந்தான். தாய் யமாமாவுக்குப் புறப்பட்டார். அன்று உடலில் பல காயங்கள். ஒரு கையை இழந்தார். அவரது காயத்துக்கு மருந்து செய்விப்பதில் தளபதி தாமே அக்கறை காட்டியதாக அறிவிப்பு உண்டு. அந்தத் தளபதி காலித். உஹதில் எவருடைய குதிரைப்படை வந்ததால் அந்த அம்மையார் வாளெடுத்தாரோ, அவருடைய தலைமையின் கீழேயே எட்டு ஆண்டுகளுக்குள் அவர் போரிட்டார். மன்னிப்பு என்ற தலைப்பில் கட்டுரைப் போட்டிக்கு எழுதும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

பின் ஈராக். அங்கிருந்து ஷாம் தேசத்துக்கு உதவிக்குச் செல்லுமாறு கி.பி. 634இல் அபூபக்ர் (ரழி) அவர்களின் கட்டளை வந்தபோது, நீரற்ற பாலைவனத்தை ஊடறுத்துப் படையை அழைத்துச் சென்ற பயணம் பிரசித்தமானது. வழிகாட்டி ராஃபிஃ என்ற பாலைவனத்தவர். ஒட்டகங்களுக்கு வயிறு நிறையத் தண்ணீர் கொடுத்து வாயைக் கட்டி, வழியில் அவற்றை அறுத்து அந்நீரைக் குதிரைகளுக்குக் கொடுத்தார்கள். கடைசி நாளில் ராஃபிஃ கண்நோயால் பார்வை மங்கிய நிலையில், முட்செடியொன்று இருக்க வேண்டும், தேடுங்கள் என்றார். தேடியபோது வெட்டப்பட்ட அடிமரமே கிடைத்தது. அதனடியில் தோண்டத் தண்ணீர் வந்தது. அரபுலகின் பெயர்பெற்ற தளபதி, கண் மங்கிய ஒரு வழிகாட்டியின் சொல்லில் முழுப் படையின் உயிரையும் வைத்தார். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவனிடம் விட்டுவிடுவதும் ஒரு வீரம்.

அதே ஆண்டு அபூபக்ர் (ரழி) அவர்கள் காலமானார்கள். உமர் (ரழி) அவர்கள் கலீபாவானதும் எடுத்த ஆரம்ப முடிவுகளுள் ஒன்று, ஷாம் படைகளின் தலைமையிலிருந்து காலித் அவர்களை நீக்கி அபூ உபைதா (ரழி) அவர்களை நியமித்ததாகும். தளபதி வெற்றிமேல் வெற்றி பெற்றுக்கொண்டிருந்த காலம். கலீபாவின் தாயார் காலிதின் குலத்தைச் சேர்ந்தவர். இருவரும் நெருங்கிய உறவினர். அப்படியிருந்தும் கடிதம் வந்தது. அது திமிஷ்க் முற்றுகையின்போது வந்ததா, யர்மூக்கின்போது வந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகின்றனர். ஆனால் அபூ உபைதா அவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு உடனே வெளியிடாமல் இருந்தார்கள் என்று பல அறிவிப்புகள் கூறுகின்றன. போர்முகத்தில் நிற்கும் ஒருவரது மனதை உடைக்க அவர்கள் விரும்பவில்லை. பின்னர் செய்தி அறிந்த காலித், ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை என்றே வருந்தினார்.

படையினர் முன்னிலையில் அவர் செய்தது இன்னும் பெரியது. இந்தச் சமுதாயத்தின் நம்பிக்கைக்குரியவர் உங்களுக்குத் தலைவராக அனுப்பப்பட்டிருக்கிறார் என்று, அபூ உபைதாவைப் பற்றி நபியவர்கள் சொன்ன சிறப்பை எடுத்துக்கூறி அறிமுகப்படுத்தினார். பதிலுக்கு அபூ உபைதா அவர்கள், காலித் அல்லாஹ்வின் வாள் என்று நபியவர்கள் சொன்னதை எடுத்துரைத்தார்கள். பதவியை இழந்தவரும் பெற்றவரும் ஒரே மேடையில் நின்று ஒருவர் புகழை மற்றவர் பேசினார்கள்.

கி.பி. 636இல் யர்மூக் களத்தில் தலைமைத் தளபதி அபூ உபைதா, குதிரைப்படையுடன் காலித். தம்மைவிடப் போர்க்கலை அறிந்தவர் இவரே என்பதை உணர்ந்து, களத்தில் படையை நடத்தும் பொறுப்பை அபூ உபைதா அவரிடமே விட்டார்கள் என்பது பலரது கூற்று. பல நாட்கள் நீடித்த அந்தப் போரில் பின்வாங்கி வந்த ஆண்களைக் கூடாரக் கம்புகளுடன் எதிர்கொண்டு திருப்பி அனுப்பிய பெண்களையும் வரலாறு மறக்கவில்லை. அஸ்மா பின்த் யஸீத் (ரழி) அவர்கள் கூடாரக் கம்பொன்றால் ஒன்பது பேரை வீழ்த்தியதாக அறிவிப்பு உண்டு. அவர்களுக்கு எந்தப் பதவியும் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அபூ உபைதா (ரழி) அவர்களைப் பற்றி இன்னொரு வார்த்தை. ஹிஜ்ரி 18இல் பலஸ்தீனத்தின் அம்வாஸில் தொடங்கிய கொள்ளைநோய் ஷாம் எங்கும் பரவியபோது, உமர் (ரழி) அவர்கள் ஏதோ அவசரத் தேவை என்று கடிதம் எழுதி அவரை மதீனாவுக்கு அழைத்தார்கள். தம்மைக் காப்பாற்றவே கலீபா அழைக்கிறார் என்பது அவருக்குப் புரிந்தது. படையினரை விட்டுத் தாம் மட்டும் வெளியேற முடியாதென்று பதில் எழுதினார். அந்த நோயிலேயே மரணமானார். காலித் எப்படிப்பட்ட ஒருவருக்குக் கீழே நின்றார் என்பதை அறியவே இதைக் குறிப்பிட்டேன். நல்லவரின் கீழ் நிற்பது இழிவல்ல.

இறுதி நீக்கம் ஹிஜ்ரி 17இல், கி.பி. 638இல் வந்தது. தம்மைப் புகழ்ந்த ஒருவருக்குக் காலித் பத்தாயிரம் திர்ஹம் கொடுத்தார் என்ற செய்தி மதீனாவை எட்டியது. பொதுப்பணமா சொந்தப்பணமா என்று விசாரிக்க உத்தரவு வந்தது. சபை நடுவே, பிலால் (ரழி) அவர்கள் தளபதியின் தலைப்பாகையைக் கழற்றி அதனாலேயே அவரைக் கட்டினார்கள். சொந்தப் பணம் என்று அவர் சொன்னதும் பிலால் அவர்களே கட்டை அவிழ்த்து, மரியாதையுடன் தலைப்பாகையைத் திருப்பிச் சூட்டினார்கள். உரோமப் பேரரசின் படையைத் தோற்கடித்தவர், ஒரு காலத்தில் மக்காவில் அடிமையாக இருந்தவரின் கையால் கட்டப்பட்டு அமைதியாக நின்றார். அவர் நினைத்திருந்தால் அன்றே படை இரண்டாகியிருக்கும். அத்தனை பேர் அவருக்காக உயிர் கொடுக்க இருந்தார்கள்.

அவர் மதீனா சென்று கலீபாவிடம் தமது மனக்குறையைச் சொன்னார். மனக்குறையே இல்லாத மலக்காக அவரைச் சித்திரிக்க வேண்டியதில்லை. அவருக்கு வலித்தது, வலிப்பதைச் சொல்ல வேண்டியவரிடம் நேரில் சொன்னார், படையினரிடம் சொல்லித் திரியவில்லை. உமர் (ரழி) அவர்களும் நீக்கிவிட்டு மௌனமாக இருக்கவில்லை. கோபத்தாலோ நம்பிக்கைத் துரோகத்தாலோ காலிதை நீக்கவில்லை, மக்கள் வெற்றியை அவரிடமிருந்து வருவதாக எண்ணத் தொடங்கிவிட்டார்கள், வெற்றி அல்லாஹ்விடமிருந்து வருவதை அவர்கள் அறிய வேண்டும் என்று மாகாணங்களுக்கெல்லாம் எழுதி அனுப்பினார்கள். ஒருவரது மானம் பொதுவெளியில் கெடாமல் பார்ப்பதும் தலைமையின் கடமை. எங்கள் பாடசாலைகளில் பொறுப்பிலிருந்து ஒரு பிள்ளையை மாற்றும்போது காரணத்தை அவளுக்கும் சக மாணவியருக்கும் சொல்லிவைக்கும் வழக்கம் இருந்தால், எத்தனையோ வதந்திகள் பிறக்கமாட்டா.

பெற்றோருக்கும் ஒரு சொல். பட்டியலில் பெயரில்லை என்று மகள் அழுதுகொண்டு வரும் நாளில், அதிபரிடம் போவதற்கு முன் அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: சின்னம் இருந்திருந்தால் நீ செய்ய நினைத்த வேலை எது? அவளுக்குப் பதில் தெரிந்திருந்தால், அந்த வேலையில் பெரும்பங்கைச் சின்னமில்லாமலும் செய்யலாம். பதில் தெரியவில்லையென்றால் அவள் எதற்காக அழுகிறாள் என்பதை இருவரும் உட்கார்ந்து யோசிக்கலாம்.

காலித் அவர்கள் ஹிஜ்ரி 21இல், கி.பி. 642இல், கட்டிலில் மரணமானார். உடலில் வாளோ ஈட்டியோ அம்போ படாத இடமில்லாதிருந்தும் களத்தில் மரணம் வாய்க்கவில்லையே என்பது அவருடைய கடைசி ஏக்கமாக இருந்தது. சிரியாவின் ஹிம்ஸ் நகரில் அவர் பெயரால் பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. அண்மைக்கால யுத்தத்தில் அதுவும் சேதமடைந்தது. இத்தனை நாடுகளில் போரிட்டவர் விட்டுச்சென்ற சொத்து ஒரு குதிரை, ஆயுதங்கள், ஒரு பணியாள். அவற்றையும் அல்லாஹ்வின் பாதைக்கென்று ஒதுக்கியிருந்தார். தமது மரணசாசனத்தை நிறைவேற்றும் பொறுப்பை அவர் யாரிடம் ஒப்படைத்தார் என்பதை அறிவிப்புகள் குறிப்பிடுகின்றன. உமர் பின் கத்தாப் (ரழி) அவர்களிடம்.